உட்கார்ந்து பேசு, தங்கச்சி

கைப்பிடியைச் சுற்றினால் மறுமுனையில் மணியடிக்கும் பழைய கறுப்புத் தொலைபேசி ஒன்று என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ரப்பர் தோட்ட ஆபீசில் கழித்துப்போட்ட ஜோடியில் ஒன்று. மற்றது எங்கே போனதோ, தெரியாது. அவ்வப்போது எடுத்துத் துடைத்து வைப்பேன். எனக்குப் பிறகு இதை யார் வைத்துக்கொள்வார்கள் என்று கேட்காதீர்கள், அப்படி யாரும் எனக்கு இல்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் பாடாங் செராயில், தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த மண்டபத்தில், தோட்டத்துப் பெண்களுக்கு வேலைப் பயிற்சி வகுப்பு நடத்தினேன். பினாங்கிலும் பிறையிலும் தொழிற்சாலைகள் மளமளவென்று ஆள் எடுத்த காலம். தட்டச்சு, தொலைபேசியில் பேசுவது, நேர்காணலில் நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்வது, வங்கியில் கணக்குத் திறப்பது, எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான் டீச்சர். என் ஊர் கோலா கெடா. மண்டபத்தை ஒட்டிய சின்ன அறையில் தனியாக இருந்தேன். நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் சீக்கிரம் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். வேலை அப்படி, யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது?

முன்னறையில் ஒரு தொலைபேசி, பின்னறையில் ஒன்று, நடுவே வயர். நான் பின்னாலிருந்து மணியடிப்பேன். கோபக்கார முதலாளியும் நான்தான், அவசரக்கார லாரி டிரைவரும் நான்தான். தப்பான நம்பர் வந்தால் சமாளிக்கப் பழக்குவதற்காக, மீன் சந்தையைத் தேடும் ஆள்போலக் குரலைக் கட்டையாக்கி, "கோலா கெடா மீன் பாசாரா? இறால் வந்துருச்சான்னு பார்த்துச் சொல்லுலா" என்பேன். பிள்ளைகள் சிரித்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

அவர்களில் பால்வெட்டுக் குடும்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். மணி அடித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நிற்பாள். அந்தக் கிறீச் சத்தம் என் அறைவரை கேட்கும். விடியற்காலையில் ஆளெண்ணும் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் நின்று பதில் சொல்லும் இடத்தில் வளர்ந்தவள். தோட்டத் துரை போன் செய்தால் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியே எழுந்து நின்றுதான் பேசுவாராம். பிறையில் ஒரு கம்பெனியில் தொலைபேசி ஸ்விட்ச்போர்டு வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். காதில் மாட்டும் கருவிக்கு அங்கே வயர் குட்டை. எழுந்தால் பிடுங்கிக்கொண்டு, பேச்சு பாதியில் அறுந்துபோகும். இந்த வேலை தவறினால் அம்மாவோடு பால் வெட்டப் போக வேண்டியதுதான்.

"உட்கார்ந்து பேசு, தங்கச்சி."

"கால் தானா எழுந்துக்குது டீச்சர். நான் என்னா செய்ய?"

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வகுப்பிலிருந்த கனத்த தட்டச்சுப் பொறியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் மணியடித்தேன். கிறீச் சத்தம் வரவில்லை. "குட் மார்னிங்" என்ற குரல் மட்டும் நடுங்கிக்கொண்டு வந்தது. பொறி இல்லாமலே உட்கார அதன் பிறகும் பல நாள் ஆனது.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனபின் முன்னறையிலிருந்து அவள் மணியடிப்பாள். "டீச்சர், சாப்பிட்டீங்களா?" அந்த ஊரில் என்னை அப்படிக் கேட்க வேறு ஆள் இல்லை. சாப்பிட்டிருந்தாலும் இல்லை என்பேன். பேச்சு இன்னும் கொஞ்சம் நீளும் அல்லவா?

வேலை கிடைத்துப் போய்விட்டாள். கொஞ்ச நாளில் அவள் குடும்பமும் தோட்டத்தை விட்டுப் போனது. அவளுக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து படித்துவிட்டுப் போனார்கள். வகுப்பு முடிந்ததும் மண்டபத்தின் அமைதி என்னைத் தின்றது. எண்பதுகளில் ஒரு மழைநாளில் தாங்கமுடியாமல், கடைத்தெருப் பொதுத் தொலைபேசியிலிருந்து அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டேன்.

"குட் மார்னிங். யாரிடம் பேச வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் கேட்டது. அவள்தான். நடுக்கமில்லை, அவசரமில்லை, நான் சொல்லிக்கொடுத்தபடியே ஒவ்வொரு சொல்லும். வேலை நேரத்தில் சொந்தப் பேச்சு கூடாது என்று சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் வாய்க்கு வந்ததைக் கட்டைக் குரலில் கேட்டேன்.

"கோலா கெடா மீன் பாசாரா?"

மறுமுனையில் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படும் கிறீச் சத்தம் கேட்டது. உடனே இணைப்பு அறுந்தது.

மறுபடி நான் கூப்பிடவில்லை. அவள் வேலைக்கு என்னால் பங்கம் வரக்கூடாது. மழை விடும்வரை அங்கேயே நின்று அழுதேன்.

இன்றும் தொலைபேசியைத் துடைக்கும்போது கைப்பிடியை ஒருமுறை சுற்றிப் பார்ப்பேன். வயரின் மறுமுனை அலமாரிக்குப் பின்னால் சும்மா தொங்குகிறது.