நாக்குக்கு அடியில்

மாத்திரையைக் கொடுத்தோம், அடுத்த வீட்டுக்குப் போனோம் என்பது குத்தாலிங்கத்திடம் கிடையாது. தண்ணீர்ச் செம்பை நீட்டி, தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் ஆரம்பிப்பார். "வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க. இங்கன வெளிச்சத்துக்கு வாங்க." கிராம முன்சீப்புக்கும் விலக்கு இல்லை. அச்சன்புதூர்ச் சம்சாரி ஒருவர், "மாட்டுச் சந்தையில பல்லப் புடிச்சுப் பாக்க மாதிரில்லா பாக்காரு" என்று அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

மலேரியா ஒழிப்பில் வீடு வீடாகக் காய்ச்சல் விசாரிக்கிற வேலை. சைக்கிளில் வந்து விசாரித்து, சுவரில் பென்சிலால் தேதி எழுதிவிட்டுப் போவார். சாரல் கட்டி ஊரே குற்றாலத்து அருவிக்கு ஓடும்போது, மனுஷர் கொல்லைகளில் தண்ணீர் தேங்கிய சிரட்டைகளைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார். கொசு உட்கார்ந்தால் அடிக்க மாட்டார். கட்டைவிரலால் மெல்ல அமுக்குவார். 1944-இல் மத்திய மாகாணத்துக் காட்டில், பட்டாளப் பயிற்சியில் படிந்த பழக்கம் அது. பதுங்கிக் கிடக்கையில் கொசு அடித்த சத்தம் கேட்டால், அன்று முழுக்க மூட்டை சுமக்க வேண்டும்.

அங்கே இவர் நாயக், ஒரு சிறு அணிக்குத் தலைவர். பத்துப் பேருக்கு மலேரியா வராமலிருக்கத் தினம் ஒரு மஞ்சள் மாத்திரை கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது இவர் பொறுப்பு. அதை விழுங்கினால் பிள்ளை பிறக்காது என்று முகாமெல்லாம் வதந்தி. இலஞ்சிக்காரன் அருமைநாயகத்துக்கோ ஊரில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒரு நாள் அவன் நாக்கடியில் மஞ்சள் தெரிந்தது. கண்ணால் கெஞ்சினான். நம்ம பக்கத்துப் பையன், பாவம் என்று குத்தாலிங்கம் அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவன் வாயைச் சரியாகப் பார்க்கவேயில்லை. சண்டையைக் கண்ணால் காணும் முன்பே காய்ச்சல் அவனைக் கொண்டுபோயிற்று. 'தினமும் மாத்திரை கொடுத்தும் பிழைக்கவில்லை' என்று வீட்டுக்குக் கடிதம் எழுதியவரும் இவர்தான். இரக்கப்பட்டது தப்பா என்பது இன்றுவரை அவருக்குத் தீரவில்லை.

போன வாரம் அந்த அருமைநாயகத்தின் தங்கை ரெபேக்காளுக்குக் காய்ச்சல். மூன்று நாளாகக் குளிர் தூக்கிப் போட்டது. மாத்திரையைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள்.

"எங்க அண்ணனுக்கு நீங்க தெனமும் குடுத்தீங்களே, நின்னுதா? கர்த்தர் கூப்பிட்டா மாத்திரையா தடுக்கப் போவுது. எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி."

குத்தாலிங்கம் சைக்கிள் வரைக்கும் போனார். திரும்பி வந்து கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார்.

"அவன் முழுங்கல ரெபேக்கா. துப்பிட்டான். எனக்குத் தெரியும். பாத்தும் பாக்காதமாதிரி இருந்துட்டேன். லெட்டர்ல எழுதுனது பொய்."

நிமிர்ந்து பார்க்க அவருக்குத் துணிவில்லை. ரெபேக்காள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள். கையை நீட்டி மாத்திரையை வாங்கி, ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கினாள்.

வழக்கமாகச் சொல்வதைக் குத்தாலிங்கம் அன்று சொல்லவில்லை. தேதி எழுதுவதற்குச் சட்டைப்பையில் பென்சிலைத் தேடிக்கொண்டே எழுந்தார்.

"அண்ணாச்சி, பாத்துட்டுப் போங்க" என்றாள் ரெபேக்காள். ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி, வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.