சாருக்க களி

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் மூன்று மாதம் ஏமாந்திருக்கிறேன். அதுவும் விளையாட்டு விஷயத்தில். குழந்தை வளர்ச்சியில் விளையாட்டின் பங்கு என்பதுதான் என் ஆராய்ச்சித் துறை. கல்லூரியில் அதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். சிறு வயதில் பந்து வருகிற திசைக்கு எதிர்த்திசையில் ஓடியவன் வேறு எந்தத் துறைக்குப் போவான்?

இரணியல் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி. மதியச் சாப்பாடு முடிந்ததும் அயினி மரத்தடியில் நோட்டோடு உட்கார்ந்துவிடுவேன். பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். பிடிபட்டால் ‘அவுட்’ கிடையாது. பிடித்தவனே பிடிபட்டவன் கையைப் பற்றிக் குழாயடிக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் குடிக்க வைப்பான். பிறகு இருவரும் சேர்ந்து ஓடுவார்கள். சண்டையில்லை, அழுகையில்லை. எனக்குப் புல்லரித்தது. தோல்வியே இல்லாத விளையாட்டு என்று கட்டுரை எழுதினேன். பேராசிரியர் பதவி உயர்வுக்கான நேர்காணலில் நான் நம்பியிருந்தது அந்த ஒரு கட்டுரையைத்தான்.

நேர்காணலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, பள்ளியில் மறந்து வைத்த குடையை எடுக்கப் பாதி வழியில் திரும்பினேன். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஒரே கூச்சல். அதே பிள்ளைகள். ஒரு பையன் மண்ணில் கிடந்தான். அவன்மேல் இரண்டு பேர். “கள்ளக்களி! நீ எப்பளே அவுட்டு!” என்று ஒருத்தி அவன் சட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சட்டையை விட்டாள். கிடந்தவனைத் தூக்கி நிறுத்தி, மண்ணைத் தட்டி, கையைப் பிடித்துக் குழாயடிக்கு நடத்திப் போனாள்.

“எனக்குத் தாகமே இல்ல சார்” என்றான் அவன், அழுகையோடு.

“என்ன மக்கா இது?” என்று அவளிடம் கேட்டேன்.

“இது சாருக்க களி. அது எங்களுக்க களி.”

“எனக்குன்னு தனியா ஒரு விளையாட்டா? வச்சது யாரு?”

“டீச்சருதான், சார் எழுதிட்டு இருக்கும்போ அடிபிடி கூடாதுன்னு சொல்லிச்சு. தண்ணி குடிக்கது மட்டும் நான் சொன்னது” என்றாள், கொஞ்சம் பெருமையாக.

நேர்காணலில் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லிவிட்டேன். நேர்மை, கீர்மை என்று பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முகம் மாறாமல் பொய் காட்டுவதில் அந்தப் பிள்ளைகளுக்குள்ள தேர்ச்சி எனக்கில்லை, அவ்வளவுதான். பதவி இன்னொருவருக்குப் போயிற்று. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அயிலைமீன் குழம்பு, இறங்கிவிட்டது.

மறுவாரம் டீச்சர் போனில் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். “என்னாலதானே சார்” என்று மிகவும் நொந்துகொண்டார். பரவாயில்லை, உங்கள் மேல் தப்பில்லை என்று நான் பெருந்தன்மையாகப் பேசிக்கொண்டே போனேன். அவர் இடைமறித்தார்.

“பேப்பரு போனா போட்டு சார். மத்தியானத்துக்கு சும்மா இங்க வந்து நின்னா மட்டும் போதும். உங்க வரவு நின்ன பிறகு ஒருத்தனும் சட்டையில பட்டனோட வீட்டுக்குப் போகல்ல.”