வெள்ளி அரைஞாணில் இரண்டங்குல நூல்

ஆரோக்கியம் அண்ணன் போய்விட்டார். சேலத்தில் அடக்கம் முடிந்து இப்போதுதான் வீடு வந்தேன்... மனசு ஒரு நிலையில் இல்லை.

அறுபதுகளில் என்னோடு நூல் மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். நான் பஞ்சைப் பிரித்து பெல்ட்டில் போடுகிற ஆள். அதுவும் டெம்பரவரி.

பஞ்சோடு இரும்புத் துண்டு உள்ளே போனால் பொறி பறந்து தீப்பிடித்துவிடும். அதைக் கண்டுபிடிக்கச் சீமையிலிருந்து ஒரு மெஷின் வந்தது. பெல்ட்டைச் சுற்றி ஒரு சட்டம். உலோகம் எது அதற்குள் போனாலும் மணி அடித்து லைன் நின்றுவிடும்.

தினமும் காலையில் அண்ணன் ஓர் ஆணியைப் பஞ்சில் பொதிந்து அனுப்புவார். மணி அடித்ததும், “என்னப்பா, முழிச்சுக்கிட்டியா?” என்று மெஷினைக் கேட்பார்!

என் ஷிப்டில் மட்டும் அது சும்மா சும்மா அடித்தது. பஞ்சை அலசிப் பார்த்தால் ஒரு குண்டூசிகூட இருக்காது.

நான் வேண்டுமென்றே லைனை நிறுத்துகிறேன் என்று சூப்பர்வைசர் முடிவுகட்டிவிட்டார். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேலை இல்லை. எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாசம், சொந்த ஊர் நாமக்கல்லில் தோட்டத்துக் கிணறும் வற்றிப் போயிருந்தது...

அண்ணன் மெஷினுக்குள் இருந்த, ரேடியோவில் வருகிற மாதிரி வால்வை மாற்றினார், ஒயரையெல்லாம் பார்த்தார். ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லி, அதே பஞ்சை அவரே போட்டார். சத்தமே இல்லை.

“இடுப்புல என்ன சாமி?”

மாமனார் போட்ட வெள்ளி அரைஞாண். மற்ற எல்லோருக்கும் கறுப்புக் கயிறு; புது மாப்பிள்ளை எனக்கு மட்டும் வெள்ளி. அதோடு சட்டத்தை ஒட்டி நின்றுதான் தினமும் பஞ்சு போட்டிருக்கிறேன்.

“கழட்டி வெச்சுட்டு வேலையைப் பாரு” என்றார் சூப்பர்வைசர்.

“அதைப் பொணத்துக்குத்தானுங்க கழட்டுவாங்க. வேலையே வேண்டாமுங்க” என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அண்ணன் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் சிரிக்கவில்லை.

“இடுப்பு ஒரு நிமிஷம்கூட வெறுமனே இருக்கக் கூடாது, அவ்வளவுதானே?”

முதலில் ஒரு நூலை என் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். அப்புறம்தான் வெள்ளியின் கொக்கியை எடுத்தார். இரண்டு முனைக்கும் நடுவே இரண்டங்குலம் விட்டு, எங்கள் மில் நூலையே முறுக்கிக் கட்டினார்.

“சட்டத்துக்குள்ள போனா ஆணிக்கே கத்தும்; வெளிய நிக்கிற வெள்ளிக்கு, வட்டம் முழுசா இருந்தாத்தான் கத்தும். நடுவுல நூல் வந்துட்டா கம்முனு கெடக்கும்.”

பஞ்சைப் போட்டேன். அடிக்கவில்லை. சனிக்கிழமையும் அடிக்கவில்லை... அந்த மில்லிலேயே பர்மனென்ட் ஆனேன்.

அதற்கப்புறம் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியோ, கல்யாண வீடோ, எங்கே பார்த்தாலும் அத்தனை கூட்டத்திலும் சத்தமாகக் கேட்பார்: “ஏம்பா, நூல் நல்லா இருக்கா?” என் வீட்டுக்காரி வெட்கப்பட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

நூல் எத்தனையோ தடவை நைந்தது, மாற்றிக்கொண்டேன். கொக்கியை மட்டும் திரும்ப மாட்டவே இல்லை.

இன்று பெட்டியை இறக்கும்போது கோயில் மணி அடித்தது. கை தானாக இடுப்புக்குப் போனது.

நூல் நல்லா இருக்குதுங்கண்ணா... போய் வாங்க.