முன்வரிசையில் ஒரு காது

காக்ஸ் டவுனில் எங்கள் சபையில் அப்பாவுக்கு நல்ல பெயர். குடித்துச் சீரழிந்து, பிறகு மனந்திரும்பியவர் என்று. ஊரின் இன்னொரு மூலையில், ஈஜிபுராவில் ஜெபக்கூட்டம் நடந்தாலும் சாட்சி சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மைக்கைப் பிடித்தாரென்றால் அரை மணி நேரம் விடமாட்டார். வரிக்கு வரி சபை "ஆமென்" போடும்.

"நான் மிருகமா இருந்தேன். கட்டுன பொண்டாட்டிய அறைஞ்சு அவ இடது காதையே செவிடாக்குனேன்."

இந்த இடத்தில் குரல் உடையும். எந்தச் சொல்லில் உடையும் என்பது எனக்கே மனப்பாடம். ஜனங்கள் மூக்கைச் சிந்துவார்கள். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அது அவர் போட்ட சட்டம். காட்டுவதற்குக் காது வேண்டுமே.

வீட்டுக்கு வந்ததும் சோபாவில் அம்மாவின் இடப்பக்கம் உட்கார்ந்து காபி கேட்பார். பதில் வராது. "எத்தன தடவ கூப்புட்றது? மரமா நீ?" என்று எரிந்து விழுவார். அந்தக் காது ஏன் கேட்கவில்லை என்பது மைக் இருந்தால்தான் அவருக்கு ஞாபகம் வரும் போல. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏம்மா, உன்கிட்ட ஒரு தடவையாவது மன்னிப்பு கேட்டாரா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கேப்பாரு. வயசாகுதில்ல" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை வருடம் காத்திருக்கிறாள் என்று அன்றுதான் தெரிந்தது. அவள்மேலும் எனக்குக் கோபம் வந்தது.

போன வருடம் அப்பா போய்விட்டார். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில், வலது காது அவர் பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். அவரோ தன் நினைவுக் கூட்டத்தில் எந்தெந்தப் பாட்டுப் பாட வேண்டும் என்று போதகரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் ஆளாளுக்குப் புகழ்ந்து தள்ளினார்கள். கடைசியில் போதகர் மைக்கை அம்மாவிடம் நீட்டினார்.

"அம்மா, அவரு மாறுனதுக்கு நீங்கதான் பெரிய சாட்சி. ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

அம்மா எழுந்தாள்.

"எனக்கு வலது காது நல்லாத்தான் கேக்கும். அதுல வந்து மன்னிச்சுக்கோன்னு அவரு ஒரு நாளும் சொல்லல."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மைக்கில் யார் எதைச் சொன்னாலும் எங்கள் சபைக்கு ஒரே பழக்கம்தான். எல்லாரும் சேர்ந்து "ஆமென்" என்றார்கள்.