கரும்புச்சாற்றின் மேல் போட்ட பழி

மரகதத்தின் உயிரைக் குடித்தது கரும்புச்சாறு அல்ல... நான்!

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவரங்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தேன். புதன்கிழமைதோறும் கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி. அப்போதெல்லாம் கண்ணாடி சிரிஞ்சு. ஒருத்திக்குப் போட்டதும் கொதிக்க வைத்துத்தான் அடுத்தவளைத் தொட வேண்டும். "சிஸ்டர், பஸ் போயிடும், சீக்கிரம் போடுங்க" என்று நச்சரிப்பார்கள். நான் ஊசியை மட்டும் மாற்றி, சிரிஞ்சை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்வேன். கைராசிக்காரி என்று பெயர் வேறு!

அன்று மரகதத்துக்கு முன்னால் வந்தவளின் கண்கள் மஞ்சளாக இருந்தன. பார்த்தேன்... பார்த்துவிட்டும் துடைக்கத்தான் செய்தேன். ஏன்? அலுப்பு. வேறு காரணம் இருந்தால் உங்களிடம் சொல்ல மாட்டேனா?

மரகதம் மண்ணச்சநல்லூர் ரைஸ்மில் தொழிலாளியின் மனைவி, தலைப்பிரசவம். நான் ஊசி போட்டு மூன்று மாதம் கழித்து, எட்டாம் மாதம் காமாலையோடு வந்து படுத்தாள். ரத்தப் பரிசோதனை வந்ததும் டாக்டரம்மா என்னை அழைத்தார். "இது ரத்தத்துல தொத்துற காமாலை. சிரிஞ்சை ஒவ்வொரு தடவையும் கொதிக்க வெச்சியாம்மா?"

"வெச்சேங்க டாக்டர்."

அதோடு நின்றேனா? இல்லை! மரகதத்தின் கட்டிலருகே போய், அவள் கணவர் காதுபட, "வெளியில எதையாச்சும் குடிச்சியா?" என்று கேட்டேன். கண்டதைக் குடித்தால் காமாலை வரும் என்றுதானே எல்லோரும் நம்பினார்கள்? அவள் அழுதுவிட்டாள்.

"சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு தடவை கரும்புச்சாறு குடிச்சேங்க சிஸ்டர்... தாகமா இருந்துச்சு."

நான் தலையாட்டினேன். என் குற்றத்தை அவள் ஒப்புக்கொண்டாள்! குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. "என்னாலதான்... என்னாலதான்..." என்று சொல்லிக்கொண்டே மரகதம் கண்ணை மூடினாள்.

மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் பாதிரியார் முன் முழந்தாளிட்டபோதெல்லாம் கோபம், பொறாமை என்று ஒப்பித்தேன். இதை மட்டும் சொல்லவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவள் கணவர் மகளோடு எதிர்ப்பட்டார். கரும்புச்சாறு வண்டியைக் காட்டி அடம்பிடித்த சிறுமியை வெடுக்கென்று இழுத்தார். "உங்கம்மா உசுரைக் குடிச்சதே அதுதான். வேணும்னா சிஸ்டரையே கேளு!"

தாயிடமிருந்து பிள்ளைக்கும் அந்த நோய் தொற்றும் என்பது அதற்குள் எனக்குத் தெரியும். இவள் ரத்தத்தையும் உடனே பாருங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால், தாய்க்கு எப்படி வந்தது என்று கேட்பாரே... வாய்வரை வந்தது!

சிறுமி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா கண்ணு, அதைக் குடிக்கக் கூடாது" என்றேன்.

அதற்கப்புறம் இருபது வருஷம் ஓடிவிட்டது. இப்போது அவளுக்கும் கல்யாணமாகியிருக்கும். வயிற்றில் பிள்ளையோடு எந்த ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறாளோ...