பாதை இல்லாத படம்

ஏலத்தோட்டப் பாதையில் ஜீப்பு கவிழ்ந்து அண்ணன் இறந்தபின், மதினி மலைப்பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. விமானத்திலிருந்து எடுத்த பழைய படங்களைச் சேர்த்து, போடிப் பள்ளத்தாக்கின் வரைபடம் தயாரிப்பது என் வேலை. ஒருநாள் வீட்டுக் கணினியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மதினி பின்னால் வந்து நின்றார்.

“இது எந்த ஊரு, தம்பி?”

“நம்ம மலைதான், மதினி. அந்தப் பாதை போடுறதுக்கு முன்னாடி எடுத்தது.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மதினியோ குனிந்து, மேகநிழல் படிந்த அந்தச் சரிவை விரலால் மெல்லத் தடவினார். அங்கே வெறும் காடு.

“இதுல உங்க அண்ணே இன்னும் கெளம்பவே இல்லையே,” என்றார்.

வெகுநேரம் இருவரும் அந்தக் காட்டுக்குள்ளேயே இருந்தோம். பிறகு, “ஒருநா என்னையும் மேல கூட்டிட்டுப் போங்க, தம்பி” என்றார்.

அதுவரை அளவுகளை மட்டுமே பார்த்த என் கண்ணுக்கு, அன்றுமுதல் ஒவ்வொரு படத்திலும் யாரோ இன்னும் கிளம்பாமல் வீட்டில் இருப்பது தெரிகிறது.