கிணற்று உருளையின் சுருதி

இசைக் கல்லூரித் தேர்வறைக்கு வெளியே உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். தேறாவிட்டால் ஊருக்கு வந்து ஏர் பிடிப்பதாக என் அப்பாவிடம், அய்யனிடம், சொல்லியிருந்தேன். சுருதியோ நெஞ்சில் நிற்கவே இல்லை. அப்போது தோட்டக்காரர் செடிக்குத் தண்ணீர் இழுக்க, கிணற்று உருளை கிறீச்சிட்டது.

எங்கள் வயற்காட்டுக் கிணற்றில் எருதுகளைப் பூட்டிக் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கும்போதும் இதே சத்தம்தான். பத்து வயதில், பாடிப் பழக இடைஞ்சலாக இருக்கிறதென்று உருளைக்கு விளக்கெண்ணெய் ஊற்றிவிட்டேன். சத்தம் நின்றது, எருதுகளும் நின்றுவிட்டன.

"என்னடா பண்ணிப்போட்டே? அந்தச் சத்தத்துக்குத்தான மாடு நடக்குது! இப்ப நீயே கத்து!" என்றார் அய்யன்.

உருளையின் குரலிலேயே இழுத்துக் கத்தினேன். எருதுகள் காதை ஆட்டிவிட்டு நடந்தன. வெயில் ஏறும்வரை அய்யன் விடவில்லை.

"நம்மூட்டுல மொதமொதல்ல பள்ளிக்கோடம் போனவன், உருளையாயிட்டான் புள்ள," என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்.

இப்போது கல்லூரித் தோட்டக்காரர் உருளைக்கு ஊற்ற எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார்.

"ஏனுங்க, நான் பாடி முடிக்கற வரைக்கும் ஊத்தாதீங்க."

"பரீட்சைக்கு எடஞ்சலா இருக்குமேன்னு பார்த்தனுங்க தம்பி."

"எனக்கு அதுலதானுங்க சுருதி நிக்குது."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு குடம் இழுத்தார். உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள்.